நோய்க்குறி உணர்தலும் உதவி நாடுதலும்

உயிர்க்கு உறைவிடமாயும், அறிவுக்கும் தொழிலுக்கும் கருவியாயும் அமைந்தது உடம்பு. அவ்வுடம்பு தன்கண் நேர்ந்த குறையைத் தானே அறிவிக்கும் இயல்பினது. சுரம், இருமல், வலி, வீக்கம், இளைப்பு, மயக்கம் முதலியன அவ்வறிவிப்புக்களாம். இவற்றையே நோய்க்குறிகள் என்கிறோம். குறி வேறு, நோய் வேறு. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவதுபோலக் குறியைக் கண்டு நோயை ஆராய்ந்து துணிதல் மருத்துவர் தொழில். புகையைக் கண்டவுடன் காலந்தாழ்த்தாது சென்று அறிவித்தலோ வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.

இக்கட்டுரை மருத்துவம் கற்பிக்க எழுந்ததன்று. வயதுவந்தோர்க்குப் பெரும்பாலும் தோன்றும் குறிகள் எவை, அவற்றுள் எதற்கு எத்துணை விரைவு வேண்டும், எவ்விடத்து உதவி கிடைக்கும் என்னும் மூன்றையுமே ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கல்லூரியிற் பயில்வார்க்கு இவ்வறிவு தம்பொருட்டு மட்டுமன்றிப் பிறர்பொருட்டும் வேண்டப்படுவது. விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவனை நோக்கி, "தம்பி, இரண்டு நாளாக நெஞ்சை அடைக்கிறது, இஃது என்னவாயிருக்கும்?" என்று தந்தையார் வினவுவார். பரிசோதனைச் சீட்டைப் படித்துக் கூறுமாறு பாட்டியார் படித்த பேத்தியிடமே நீட்டுவார். ஊரில் அண்டை வீட்டாரும் அவரிடமே யோசனை கேட்பர். அவ்வேளையில் அவர் கூறும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கவுங்கூடும். "காலையிற் பார்த்துக்கொள்வோம்" என்னும் ஒரு சொல் அதனை இழப்பிக்கவுங்கூடும். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நால்வகைப்படுத்தினார். நாலாமவனாகிய துணைவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்று அவர் கொண்டமை நம் கருத்திற் பதியத்தக்கது.

வலி நோயின் அளவுகோல் அன்று

நம்மவர் நோயின் கொடுமையை வலியால் அளப்பது வழக்கம். பல்வலி வந்தவர் நள்ளிரவிலும் மருந்து தேடி ஓடுவர். வலியில்லாத ஒரு கட்டி மார்பில் தோன்றினால் ஆண்டு ஒன்று கழியினும் அதனை எண்ணாதிருப்பர். இவ்வழக்கத்தினும் தீங்கு பயப்பது பிறிதொன்றில்லை.

இதற்குச் சான்று வேண்டுவோர் வேலூரில் நடந்த ஆராய்ச்சியை அறிதல் நலம். 1946-இல் அவ்வூர் வந்து, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை முறையாற் சீர்செய்யும் வழியைக் கண்ட டாக்டர் பால் பிராண்ட், அந்நோயாளர் விரல்களை இழப்பது தசை தானே அழுகுதலால் அன்று என்பதனை விளக்கினார். நரம்பு உணர்விழந்தமையால் சுடுகலத்தைத் தொட்டாலும், கல் குத்தினாலும், செருப்பு உராய்ந்தாலும் அவர்க்கு நோவு தோன்றுவதில்லை. நோவாத புண்ணை அவர் பேணுவதுமில்லை. ஆகவே வலியின்மையே அவர் உறுப்பை அழித்தது. வலி நமக்குக் காவலன் என்பதும், காவலன் உறங்கும் இடத்திலேயே களவு மிகுதி என்பதும் இதனாற் புலனாம்.

எனவே நோயை வலியால் அளவாது காலத்தால் அளத்தல் வேண்டும். நாழிகையும் தாழ்த்தலாகாத குறிகள், நாட்கணக்கிற் கடத்தலாகாத குறிகள், வாரக்கணக்கில் நீடித்தால் ஆராயவேண்டிய குறிகள், குறியே காட்டாத நோய்கள் என நான்காக வகுத்துக்கொண்டால் நினைவில் வைத்தல் எளிதாம்.

நாழிகையும் தாழ்த்தலாகாதவை

இவற்றுள் முதலாவது மார்பு வலி. இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களுள் ஒன்று அடைபடும்போது, அதனால் ஊட்டப்பெறும் தசை சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. அப்போது நடுமார்பில் பாறாங்கல்லை ஏற்றியது போன்ற பாரமும் இறுக்கமும் தோன்றும். அவ்வலி இடது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு என்னும் இடங்களுக்குப் பரவுதலும் உண்டு. குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத் திணறல், காரணமின்றித் தோன்றும் பேரச்சம் ஆகியவை உடன் வரலாம். பெண்டிர்க்கும், முதியோர்க்கும், நீரிழிவு உடையார்க்கும் வலி சிறிதுமின்றி மூச்சு முட்டுதலும் சோர்வும் வியர்வையும் மட்டுமே தோன்றுவது உண்டு என்பதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும்.

நம் நாட்டில் இவ்வலியை "வாயு" என்று கூறி, இஞ்சிச் சாறும் பெருங்காயமும் சோடாவும் கொடுத்து ஓரிரவைக் கழிப்பது பெருவழக்கு. மெய்யாகவே அது வாயுவாயிருத்தலுங்கூடும். ஆயின் வாயுவோ இருதய நோயோ என்பதனைப் பாட்டியாரின் அனுபவமும் கூற இயலாது, மாணவரின் ஊகமும் கூற இயலாது, இ.சி.ஜி. என்னும் இருதய மின்பதிவும் இரத்தப் பரிசோதனையுமே கூறவல்லன. வாயுதான் என்று தெளிந்து வீடு திரும்புதலில் இழிவு யாதுமில்லை. நோயுற்றவரை நடக்கவும், மாடிப்படி ஏறவும், தாமே வண்டி ஓட்டிச் செல்லவும் விடலாகாது. அமரச் செய்து உடனே ஆம்புலன்ஸ் அழைத்தல் வேண்டும். அடைப்பை நீக்கும் சிகிச்சை எத்துணை முந்துகிறதோ அத்துணைத் தசை பிழைக்கும்.

இரண்டாவது பக்கவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுதலாலேனும் வெடித்தலாலேனும் இது விளைகிறது. முகம், கை, பேச்சு என்னும் மூன்றையும் நோக்கினால் இதனை எவரும் உணரலாம். சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபுறம் கோணுகிறதா? இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்ந்து விழுகிறதா? ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் நாக் குழறுகிறதா? இம்மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் போதும். இதனொடு நாலாவதாக நேரத்தைக் குறித்தல் வேண்டும். நோயாளர் கடைசியாக நலமுடன் காணப்பட்ட நேரம் எது என்பதே மருத்துவர் முதலிற் கேட்கும் வினா. குழாய் அடைபட்டதனால் வந்த வாதமாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் 4½ மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும். இரத்தக் கசிவினால் வந்ததாயின் அம்மருந்தே நஞ்சாகும். ஆதலின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே மருத்துவர் துணிவர். அவ்வசதி உள்ள மருத்துவமனைக்கே செல்லுதல் இன்றியமையாதது.

இந்நோய் கண்டவுடன் எண்ணெய் தேய்த்தலும், புறாவின் இரத்தம் பூசுதலும் சிற்றூர்களில் இன்னும் நிகழ்வன. இவற்றாற் கழியும் பொழுது மீளாப் பொழுது. வாயில் நீரோ கஞ்சியோ ஊட்டுதலும் கூடாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருத்தலின் அது மூச்சுக் குழலில் இறங்கித் தீமை செய்யும். இக்குறிகள் பத்து நிமிடங்களில் தாமே மறைந்தனவாயினும் மகிழ்ந்து வாளாவிருத்தலாகாது. பெருவாதம் வருமுன் தோன்றும் எச்சரிக்கை அஃது எனக் கொண்டு அன்றே மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

இவற்றையன்றி, படுத்தால் மூச்சு முட்டுவதும் பேச இயலாதவாறு இரைப்பதும், வாழ்நாளில் அறியாத கடுந்தலைவலி இடிபோல் திடீரெனத் தோன்றுவதும், முதன்முறையாக வலிப்பு வருவதும், இரத்த வாந்தி எடுப்பதும், மலம் கீல்போற் கறுத்துக் கழிவதும், வயிறு மரப்பலகைபோல் விறைத்து நோவதும், நினைவு தடுமாறுவதும் இவ்வகையைச் சார்ந்தனவே. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, முன்பின் முரணாகப் பேசுவாராயின், இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்தது என்று ஐயுறல் வேண்டும். நினைவுடன் விழுங்கக்கூடியவராயின் சர்க்கரை கரைத்த நீரை உடனே கொடுக்கலாம். நினைவிழந்தவர்க்கு வாயில் ஒன்றும் ஊற்றலாகாது.

நாட்கணக்கிற் கடத்தலாகாதவை

சுரம் நமக்கு மிகப் பழகிய குறி. பெரும்பாலான சுரங்கள் இரண்டு மூன்று நாட்களில் தாமே தணியும். மூன்று நாட்களுக்கு மேலும் நீடிப்பினும், குளிர் நடுக்கத்துடன் விட்டு விட்டு வரினும், உடம்பில் தடிப்பு, கண் மஞ்சளித்தல், கழுத்து விறைத்தல், மூச்சு வாங்குதல் என்பவற்றுள் ஒன்று உடன் தோன்றினும் காத்திருத்தல் தகாது. மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், டைபாய்டு ஆகிய யாவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றுவன. இரத்தப் பரிசோதனையின்றி அவற்றைப் பிரித்தறிதல் அரிது.

டெங்குச் சுரத்தில் ஒரு நுட்பம் உண்டு. சுரம் தணிந்தவுடன் நோய் நீங்கிற்று என்று யாவரும் மகிழ்வர். ஆயின் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலத்தில் சுரம் தணியும் வேளையே பேரபாயம் விளையும் வேளை. அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களினின்று கசியும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனையிற் சேர்த்தல் வேண்டும். சுரத்திற்குப் பாரசிட்டமால் அளவறிந்து கொள்ளலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோபென் முதலிய வலிநீக்கிகள் இரத்தப்போக்கை மிகுவிக்குமாதலால் டெங்கு என ஐயுறும்போது அவற்றை விலக்குதல் வேண்டும்.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றச் செய்தலாலேயே. நாவறட்சி, சிறுநீர் குறைந்து நிறம் தடித்தல், எழுந்து நிற்கையில் தலை சுற்றல் ஆகியவை அதன் அடையாளங்கள். உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன்மேற் குறித்த அளவு தூய நீரிற் கரைத்து அடிக்கடி அருந்தச் செய்க. அருந்தியது தங்காமல் வாந்தியாயினும், மலத்தில் இரத்தம் காணினும் மருத்துவரை அடைக.

ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் தோன்றுதல், சிறுநீர் வெளிவராமல் அடைபடுதல், கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தல், பார்வை திடீரென மங்குதல், நீரிழிவு உடையார் பாதத்திற் சிறு கொப்புளமேனும் உண்டாதல் ஆகியவையும் நாளை என்று தள்ளத்தக்கன அல்ல. இவற்றுள் சிறுநீர் அடைப்பும் பார்வை இழப்பும் கண்ட அப்பொழுதே செல்லவேண்டியவை.

வாரக்கணக்கில் நீடிப்பவை

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைக் காசம் என்று ஐயுற்றுச் சளியைப் பரிசோதித்தல் வேண்டும். மாலைச் சுரம், இரவில் வியர்த்தல், உடல் மெலிதல், சளியில் இரத்தம் ஆகியவை அவ்வையத்தை மிகுவிக்கும். 1882-இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோய்க் கிருமியைக் கண்டறிந்து வெளியிட்டார். அதன் பின்னரும் நெடுங்காலம் மலைச்சாரலிலுள்ள நிலையங்களில் மாதக்கணக்கில் தங்குதலே இதற்குச் சிகிச்சையாய் இருந்தது. சென்னையில் 1956-இல் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையத்தார், ஏழை எளியோர் தம் வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் நிலையங்களில் தங்கியோரை ஒப்பக் குணமடைவர் என்றும், உடன்வாழ்வோர்க்கு அதனால் மிகுதியான தீங்கு நேர்வதில்லை என்றும் 1959-இல் நிறுவிக் காட்டினர். உலகமெங்கும் சிகிச்சை முறையை மாற்றிய பெருமை அவ்வாய்வுக்கு உண்டு. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசினர் அதனை இலவசமாக அளிக்கின்றனர். இரண்டு மாதத்தில் உடல் தேறியது கண்டு மருந்தை நிறுத்துவாரே மருந்துக்கு அடங்காத காசத்தைத் தமக்கும் பிறர்க்கும் தேடிக்கொள்வர்.

மிக்க தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்கு உண்டும் மெலிதல், புண் ஆறாமை என்பன நீரிழிவின் குறிகள். வெளிறிய அல்லது செந்நிறமான தேமல் ஒன்று உணர்ச்சியற்றிருப்பின் அது தொழுநோயின் குறியாகலாம். ஆறு மாதமோ ஓராண்டோ இலவச மருந்துண்டு முற்றும் நீங்கத்தக்க அந்நோயை, நாணத்தால் மறைத்து உறுப்பிழப்பது இரங்கத்தக்கது.

புற்றுநோயின் குறிகள் பெரும்பாலும் நோவாதவை. மார்பிற் கட்டி, வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் அல்லது வெண்படலம், குரல் கம்மி நீடித்தல், விழுங்க வருந்துதல், காரணமின்றி எடை குறைதல், மாதவிடாய் நின்ற பின்னர் உதிரம் காணுதல், சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் காணுதல், மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தல் ஆகியவை அவை. மலத்தில் இரத்தம் கண்டவர் "மூலம்" என்று தாமே பெயரிட்டு நாட்டு மருந்தில் ஆண்டுகளைக் கழித்தல் கூடாது. வெற்றிலையுடன் புகையிலை மெல்லுவோர் தம் வாயைக் கண்ணாடியில் அடிக்கடி நோக்குதல் நலம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அன்று முதல் மருத்துவர் வற்புறுத்திவரும் உண்மை, முந்திக் கண்டது பெரும்பாலும் முற்றும் நீங்கும் என்பதே.

உள்ளத்தின் நோய்க்கும் குறிகள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாத துயரம், உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, தன்னை இழிவாக எண்ணுதல் ஆகியவை தோன்றின், அதனைச் சோம்பல் என்றோ தேர்வுப் பயம் என்றோ இகழ்தல் தகாது. உயிர் துறக்கும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அது விளையாட்டுப் பேச்சு என்று விடாமல், அவரைத் தனித்திருக்க விடாது உடனே உதவி நாடுதல் நண்பர் கடன்.

குறியே காட்டாதவை

இரத்தக் கொதிப்பு என வழங்கும் உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் யாதொரு குறியும் காட்டாது இருதயம், மூளை, சிறுநீரகம், கண் என்பவற்றைக் கெடுக்கும். தலை சுற்றினாலன்றி எனக்குக் கொதிப்பில்லை என்பார் கூற்று ஆதாரமற்றது. 1905-இல் கொரட்காப் என்னும் ருஷிய மருத்துவர் கண்ட முறையால் கையிற் பட்டை சுற்றி நிமிடங்களில் இதனை அளக்கலாம். பலமுறை அளந்தும் 140-க்கு 90 என்னும் அளவையோ அதற்கு மேலோ காட்டின் அது நோயே. நீரிழிவும் அவ்வாறே. வெறும்வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ மீண்டும் காணப்படின் அது நீரிழிவாம். 2023-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடி மக்கள் நீரிழிவுடையர் என மதிப்பிட்டது. ஆதலின் 30 வயது கடந்தோர், நலமே உள்ளோம் என்னும் எண்ணம் இருப்பினும், ஆண்டுக்கு ஒருமுறை இவ்விரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுதல் வேண்டும். நம் பெற்றோரை அழைத்துச் செல்லுதல் நமக்குரிய வேலை.

எங்கே செல்லுதல்

நாழிகை தாழ்த்தலாகாத குறிகளுக்கு 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெற்றுவரும் இவ்வாம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. அழைப்பவர் பதறாமல் ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி போன்ற அடையாளம், நோயாளர் நிலை ஆகியவற்றைக் கூறித் தாம் பேசும் தொலைபேசியைப் பிறர் பேச்சுக்குப் பயன்படுத்தாது வைத்திருத்தல் வேண்டும். சந்து முனையில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்தால் பல நிமிடங்கள் மிஞ்சும்.

நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஆராயவேண்டியவற்றுக்கு முதற்படி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ஆங்கு மருத்துவர் பார்வையும், இரத்த, சளிப் பரிசோதனைகளும், மருந்தும் இலவசமாய்க் கிடைக்கும். அவர் எழுதித் தரும் சீட்டுடன் வட்ட மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எனப் படிப்படியே செல்லுதல் முறை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், கொதிப்பும் நீரிழிவும் உடையார்க்கு வீட்டு வாயிலிலேயே மருந்து கொணரப்படுகிறது. எங்குச் செல்வதென்று ஐயுறுவோர் 104 என்னும் எண்ணிற் கேட்டறியலாம். உள்ளத் துயருக்கு, 2022-இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

செலவுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். அவருள் தாய்மாரே மிகுதி. மகன் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் மாதத்தில் தன் மார்புக் கட்டியைப் பற்றி எந்தத் தாயும் வாய் திறவாள். நாம் கேட்டாலன்றி அவர் கூறார். அரசு மருத்துவமனையில் கட்டணமின்மையும், தகுதியுடைய குடும்பங்கட்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் தனியார் மருத்துவமனைகளிலும் பெருஞ்சிகிச்சை கிட்டுதலும் அவர்க்கு எடுத்துரைக்கத்தக்கன. மருந்துக் கடையில் நோயைக் கூறி மாத்திரை வாங்குதல் சிக்கனம்போற் காணப்படினும், முடிவில் அதுவே பெருஞ்செலவாம்.

மருத்துவரிடம் உரைக்கும் முறை

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பணிபுரிந்த டாக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணவர்க்கு அக்கலையைக் கற்பித்தார். நம் மொழி அதற்குப் போதுமானது என்பதனை அவர் செயலாற் காட்டினார். நோயாளராகிய நாமோ மருத்துவர் முன் சென்றவுடன் "உடம்பு சரியில்லை" என்னும் இரு சொல்லோடு நின்றுவிடுகின்றோம். நோவின் வேற்றுமைகளைக் குறிக்கத் தமிழில் எத்துணைச் சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இசிவு, அழுத்தம், மரத்தல், திமிர்த்தல், விண்விண்ணென்று தெறித்தல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை நோவைக் காட்டும். நெஞ்சில் எரிச்சல் என்பதற்கும் அழுத்தம் என்பதற்கும் உள்ள வேறுபாடு மருத்துவர் துணிவுக்குப் பெருந்துணையாகும். ஆதலின் தாயார் வழங்கும் சொல்லை நாம் மாற்றாது, அச்சொல்லாலேயே உரைத்தல் வேண்டும்.

என்று தொடங்கியது, எங்கே, எவ்வகை நோவு, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது, உடன் தோன்றியன எவை, முன்னுள்ள நோய்கள் எவை, இப்போது உண்ணும் மருந்துகள் யாவை, எம்மருந்து ஒவ்வாதது என்னும் இவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுக. நாட்டு மருந்து உண்டதாயின் அதனையும் மறையாது கூறுக. மருத்துவர் கூறியதை அவர் முன்னிலையிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்க.

கற்றதன் பயன் ஏட்டில் நிற்பதன்று; வீட்டில் நிகழ்வது. வரும் விடுமுறையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் மூன்று செயல் செய்வாராக. 108, 104, 14416 என்னும் எண்களையும், வீட்டாருடைய நோய், மருந்து விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, முதியோரும் காணுமாறு பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவாராக. பெற்றோரை அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கச் செய்வாராக. தாயாரைத் தனியே அமர்த்தி, அவர் எவரிடமும் கூறாத குறி யாதேனும் உண்டோ என்று அன்புடன் வினவுவாராக. முன்னைய இரண்டும் எளியன. மூன்றாவது சிறிது அரியது. ஆயினும் பல இல்லங்களில் அவ்வினா ஒன்றற்காகவே ஒரு குறி நெடுநாள் காத்திருக்கின்றது.